மூன்று இரவுகளும் ஒரு கடலடி நாடும்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். திருப்பாலைக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்து இப்போது சென்னையில் வேலை பார்க்கிறீர்கள். உங்களுக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பாவின் வல்லம் என்ற மீன்பிடிப் படகு எஞ்சின் பழுதாகி மூன்று இரவுகள் கடலில் மிதந்தது. நான்காம் நாள் காலையில் வேறொரு படகு அதை இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தது. கடலுக்கடியில் ஓர் அரசி ஆளும் நாட்டைப் பற்றி நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் மிகுபுனைவு நாவலுக்குள் அந்த மூன்று நாட்களையும் கொண்டுவர விரும்புகிறீர்கள். அதில் எத்தனை பங்கு உண்மையாகவும் எத்தனை பங்கு கற்பனையாகவும் இருக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், அப்பா படித்தால் என்ன நினைப்பாரோ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பங்குக் கணக்கு மேலுக்குக் கேட்டது, அடைப்புக்குறிக்குள் இருப்பதே உண்மையில் கேட்டது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட வேண்டும்; நான் சொல்வதில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அது உதவும். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பள்ளியொன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தேன். சிறுகதைகளும் ஒரு நாவலும் அச்சில் வந்திருக்கின்றன. இன்னொரு நாவல் வராமல் போனது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இளம் எழுத்தாளர்களின் கையெழுத்துப் படிகளைப் படித்துத் திருத்தம் சொல்லி வருகிறேன். ஆனால் நான் கடலோடி அல்லன். கமுதிப் பக்கத்துக் கரிசல்காட்டில், மழைக்கு வானத்தையும் தண்ணீருக்குக் கண்மாயையும் பார்த்து வளர்ந்தவன். கடலைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் மாணவர்களிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் கேட்டறிந்தது. ஆகவே எழுத்து முறையைப் பற்றி ஓரளவு உறுதியாகச் சொல்வேன். கடலைப் பற்றிச் சொல்லும் இடங்களில் உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னை மறுத்தால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பங்குக் கணக்கை முதலில் முடித்துவிடலாம், அதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்படி ஒரு அளவு கிடையாது. உண்மையும் புனைவும் கலப்பது நம் மொழிக்குப் புதிதும் அல்ல. தொல்காப்பியத்தின் அகத்திணையியல், அகப்பாடலின் நெறியைச் சொல்லும்போது ‘நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்’ என்கிறது. உலகத்தார் நடந்துகொள்ளும் முறையோடு ஒத்து வருவது உலகியல் வழக்கு. சுவையுள்ளவற்றையெல்லாம் ஓரிடத்தில் நடந்தனவாகத் தொகுத்துச் சொல்வது நாடக வழக்கு என்று உரைகாரர் விளக்குவர். இரண்டையும் சேர்த்தே புலனெறி, அதாவது புலவர்கள் பாடும் நெறி, என்று பெயரிட்டார்களே தவிர, இதில் இத்தனை, அதில் இத்தனை என்று படியளக்கவில்லை.

ஆனால் அதே இயலில் இன்னொரு வரி இருக்கிறது, எனக்கு அது பல ஆண்டுகளாகக் கைவிளக்காக இருந்து வருகிறது: ‘உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே’. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், பறவை, மரம், தொழில் போன்றவை கருப்பொருள். அங்கே வாழும் மனம் படும் பாடு உரிப்பொருள். உரிப்பொருள் தவிர்த்த மற்றவை ஒன்றோடொன்று கலக்கலாம் என்பது இவ்வரியின் கருத்து. இது அகப்பாட்டுக்குச் சொன்ன விதி. இன்றைய மிகுபுனைவு நாவலுக்கு இதைப் பொருத்துவது என் சொந்தத் துணிவு, தமிழறிஞர் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடைமுறையில் பயன்பட்டிருக்கிறது. என்னிடம் வந்த படிகளில், நிலத்தைத் தலைகீழாக்கி, பறவைக்குப் பேச்சுக் கொடுத்து, பொழுதைப் பின்னோக்கி ஓட்டிய கதைகள் நின்றிருக்கின்றன. எழுதியவர் பட்ட பாட்டை மாற்றி, படாத பாட்டை அதன் இடத்தில் வைத்த கதைகள் நிற்கவில்லை.

இப்போது உங்கள் மூன்று நாட்களுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் அப்பா மிதந்த கடலைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. அம்மா அடுப்பு மூட்டாமல் இருந்ததும், சித்தி வந்து உங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனதும், நீங்கள் இரவில் எழுந்து ஓடி வந்து கரையில் உட்கார்ந்ததும், யாரோ ஒருவர் உங்களுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்ததும் ஏழெட்டு வாக்கியங்களில் இருக்கின்றன. அதாவது உங்கள் அனுபவம் மிதந்தது அல்ல, காத்திருந்தது. கடற்கரை நிலமான நெய்தலுக்கு இலக்கணம் வகுத்தவர்கள் அதன் உரிப்பொருளை இரங்கல் என்றார்கள். இரங்கல் கரையில் இருப்பவரின் பாடு, கடலுக்குப் போனவருடையது அன்று. அந்தக் காத்திருப்பில் ஒரு இழையையும் மாற்றாதீர்கள் என்பதே என் முதல் யோசனை. கடலடி நாட்டில் நடக்கும் கதையிலும் யாராவது ஒருவர் ஒரு வாசலில் உட்கார்ந்து, திரும்பி வருவாரா என்று தெரியாத ஒருவருக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு உங்கள் அம்மாவின் அணைந்த அடுப்பிலிருந்து வர வேண்டும். மற்றதை நீங்கள் கலைத்துப் போடலாம்.

கலைத்துப் போடலாம் என்றதும் எதையும் எப்படியும் எழுதலாம் என்று எடுத்துக்கொண்டு நான் வாங்கிய அடியைச் சொல்லிவிடுகிறேன். 1964 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும், பாம்பனிலிருந்து அங்கே போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டோரோடு கடலில் அடித்துப்போனதும் நீங்கள் கேட்டு வளர்ந்த செய்தி. நான் எழுதிய இரண்டாவது நாவலில் அந்த ரயில் ஆண்டுதோறும் அதே இரவில் கடலுக்கடியில் ஓடும். ஒரு பெண் கரையில் நின்று அதன் சன்னல் வெளிச்சத்தைப் பார்ப்பாள். முதல் அத்தியாயத்தைப் பாம்பனில் ஒரு வயதான அம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். கடற்பாசி எடுத்துப் பிழைத்தவர், அந்தப் புயலில் உறவை இழந்தவர். கடலுக்குள் ரயில் ஓடுவதைக் கேட்டுக் கோபப்படுவார் என்றுதான் பயந்திருந்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “ரயிலு தண்ணிக்குள்ள ஓடுறது சரிதான் வாத்தியாரே. மார்கழியில கச்சான் எப்படி அடிக்கும்?” என்றார். கரையில் நின்ற பெண்ணின் முகத்தில் கச்சான் காற்று வீசியதாக எழுதியிருந்தேன். சொல் அழகாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். கச்சான் மேற்கிலிருந்து வருவது, ஆனி ஆடிக்கு உரியது. மார்கழியில் அடிப்பது வடக்கிலிருந்து வரும் வாடை. கடலடியில் ஓடும் ரயிலை அவர் ஒப்புக்கொண்டார், தப்பான மாதத்தில் அடித்த காற்றை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் காற்றைத் திருத்தப் போய், நாவலில் அப்படி அழகுக்காக வைத்த சொற்கள் எத்தனை என்று எண்ணத் தொடங்கி, கடைசியில் அதைக் கட்டி வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து இதை உறுதியாகச் சொல்கிறேன்: மாயத்தை வாசகர் ஒரே முறையில் ஏற்றுக்கொள்வார், ஆனால் மாயத்தைச் சுற்றியிருக்கும் அன்றாடத்தில் பிழை வந்தால் மன்னிக்க மாட்டார். ஆகவே உங்கள் கடலடி நாட்டில் அன்றாடம் அச்சு அசலாக இருக்க வேண்டும். அதற்கு இந்தக் கடற்கரையே போதும் போதும் என்கிற அளவுக்குக் கொடுக்கும். சேலைக்கு மேலே ஆண்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மரிக்கொழுந்துப் பாசி எடுக்க மூழ்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அரசியின் படைக்கு அதைவிடப் பொருத்தமான கவசம் வெளிநாட்டுக் கதைகளில் கிடைக்காது. கடற்பசுவை, நம் பக்கத்தில் ஆவுளியா என்பார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்புல்லை மேயும், சில நிமிடங்களுக்கு ஒரு முறை மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டும், ஏறத்தாழ பதிமூன்று பதினான்கு மாதம் சுமந்து ஒரே ஒரு கன்று ஈனும், அதன் முலைக்காம்பு முன்துடுப்பின் அக்குளில் இருக்கும், எழுபது ஆண்டு வரை வாழக்கூடியது. மாலுமிகள் இதையும் இதன் இனத்தையும் பார்த்துத்தான் கடற்கன்னிக் கதைகளைக் கட்டினார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. உலகக் கடற்கன்னிக் கதைகள் எல்லாவற்றுக்கும் இதுவே மூலம் என்று சொல்வது மிகை. எப்படியிருந்தாலும், மீன்வால் ஒட்டிய அழகியை இறக்குமதி செய்வதைவிட, எழுபது வயது ஆவுளியா ஒன்று மூச்செடுக்க மேலே வரும் அந்தக் கணத்தில் மட்டும் மனிதக் குரலில் பேசுகிறது என்று எழுதினால் நான் நம்புவேன். தவிர, பாம்பனில் ரயில்பாலமே வாய் பிளந்து கப்பலுக்கு வழிவிட்டதை 1914 முதல் நெடுங்காலம் பார்த்த மக்களை வெறும் வியப்பால் மட்டும் மடக்குவது எளிதன்று.

பொருளியலையும் மறந்துவிடாதீர்கள், மிகுபுனைவு எழுதும் பிள்ளைகள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். அரசி இருக்கிறாள், அரண்மனை இருக்கிறது, யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது இருக்காது. உங்களுக்குப் படகு முதலாளியான சம்மாட்டியைத் தெரியும், முன்பணம் தெரியும், முன்பணம் வாங்கியவன் தன் மீனுக்குத் தானே விலை சொல்ல முடியாது என்பது தெரியும், பிடித்ததைப் பங்கு பிரிக்கும்போது படகுக்கும் வலைக்கும் தனிப் பங்கு போவது தெரியும். மூழ்கியவர்களெல்லாம் அரசியிடம் பட்ட முன்பணத்தைக் கடலடியில் கழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்தால், அது கற்பனைதான், ஆனால் ஏலக்கூடத்தில் நின்றவர் ஒவ்வொருவருக்கும் அந்த நாடு உடனே பிடிபட்டுவிடும்.

மாயத்துக்கு விலை உண்டு என்பதையும் இந்தக் கடலிலிருந்தே காட்ட முடியும். 13ஆம் நூற்றாண்டில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, நம் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லும்போது, குளிப்பவர்களைப் பெருமீன்களிடமிருந்து காக்க மந்திரம் போடுபவர்கள் இருந்ததையும், எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரர்களுக்கும் போனதையும் குறிப்பிடுகிறார். அதோடு, அந்த மந்திரம் பகலுக்கு மட்டுமே செல்லும், இரவானால் அவர்களே அதை அவிழ்த்துவிடுவார்கள் என்கிறார். இரவில் திருட்டுத்தனமாக யாரும் குளிக்காமலிருக்க இந்த ஏற்பாடு என்று நான் ஊகிக்கிறேன். இந்தத் தொழிலைச் செய்தவர்களுக்குக் கடல்கட்டி என்று பெயர். அவர்கள் இல்லாமல் குளிப்பாளிகள் இறங்க மறுத்ததால் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசே சம்பளம் கொடுத்து அவர்களை வைத்துக்கொண்டது. மந்திரம் பலித்ததா என்பது வேறு கேள்வி. ஒரு கதைக்காரர் கற்றுக்கொள்ள வேண்டியது, நடைமுறையில் இருந்த இந்த மாயத்துக்குக் கூலி இருந்தது, நேர வரம்பு இருந்தது, அவிழ்க்கும் முறை இருந்தது, அதனால் யாருக்கு லாபம் என்பதும் தெளிவாக இருந்தது என்பதைத்தான். உங்கள் நாயகி நீருக்கடியில் தடையில்லாமல் மூச்சுவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கு குளிப்பவரின் வாழ்க்கை முழுவதும் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம் என்கிற மூச்சுக்குள் அடங்கியது. கீழக்கரைப் பக்கத்துக் குளிப்பாளி யாரையாவது கேட்டுப் பாருங்கள், காது வலியிலிருந்து தொடங்குவார். அந்த நெருக்கடியை எடுத்துவிட்டால் அதற்கு ஈடாக வேறொரு நெருக்கடியை வைத்தாக வேண்டும். அவள் விடும் ஒவ்வொரு மூச்சும் கரையில் இருக்கும் யாரோ ஒருவரிடமிருந்து கழிகிறது என்றோ, இரவில் அந்த வரம் அவிழ்ந்துவிடும் என்றோ நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. உங்களுக்குப் புனைவாகப் படுவது ஊருக்குப் புனைவாக இராது. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களும், சேதுவும், ஏர்வாடி தர்காவும், உங்கள் ஊர்க் கரையில் விளக்கேற்றும் சிறு பீடமும் மக்கள் இன்று நேர்ந்துகொள்ளும் இடங்கள். அவற்றை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவற்றை உங்கள் அரசியின் அரண்மனைச் சாமான்களாக வரிசைப்படுத்தினால், நம்பிக்கை உள்ளவரும் வருந்துவார், கதையும் கனம் இழக்கும். வேண்டுதல் செய்பவரின் இடத்தில் நின்று எழுத முடிந்தால் எழுதுங்கள்; முடியாவிட்டால் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். இது இலக்கண விதி அன்று, என் விருப்பம்தான். எனக்கு நேர்மாறாக எழுதி நன்றாக எழுதிய மாணவர் ஒருவர் உண்டு.

அடுத்து, அடையாளம். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும் என்பார்கள். முந்நூறு வீடு உள்ள ஊரில் அது போதாது. எஞ்சின் பழுதாகி மூன்று இரவு மிதந்த வல்லம் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தவரையும் கண்டுபிடித்துவிடுவார்கள். யாரைக் குறையாகக் காட்டுகிறீர்களோ அவரைத்தான் முதலில் தேடுவார்கள். இந்த இடத்தில் மிகுபுனைவு உங்களுக்குச் சாதகம். அன்று தேடப் போக மறுத்த படகுக்காரர் ஒருவரைப் பற்றி நீங்கள் கோபமாக எழுதியிருக்கிறீர்கள்; அவர் அரசியின் வாசற்காவலராக, தன் பக்கத்து நியாயத்தோடு வந்தால் ஊரில் ஒரு குடும்பம் தலைகுனியாது, உங்கள் கோபமும் அப்படியே இருக்கும். அவருக்கு அன்று டீசல் இருந்ததா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இனி அப்பாவுக்கு. துயரத்தை எழுதினால் அது ஆறும் என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த உறுதி இல்லை; எழுதியதால் ஆறியவரையும் பார்த்திருக்கிறேன், கிளறிக்கொண்டவரையும் பார்த்திருக்கிறேன். ஆகவே அப்பா படித்தால் மகிழ்வார் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அவர் எதைக் கண்டு வருந்துவார் என்று ஓரளவு சொல்ல முடியும். அந்த மூன்று இரவுகள் அவருடையவை. அவர் எதைக் குடித்தார், எதை நினைத்தார், எப்போது நம்பிக்கை விட்டார் என்பதையெல்லாம் உண்மைச் சம்பவம் போல நீங்கள் எழுதினால், தன்னிடம் கேட்காமல் தன் பெட்டியைத் திறந்தது போல அவருக்கு இருக்கும். மிகுபுனைவாக எழுதினால் அது வேறு. அப்பா எங்கே போயிருந்தார் என்று தெரியாத பத்து வயதுக் குழந்தை, அந்த மூன்று இரவுகளும் அவர் ஓர் அரசியின் நாட்டில் இருந்தார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது பொய்யாகாது. தெரியாத இடம் இவ்வளவு என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் வழி அது. உங்கள் கடலடி நாடு தொடங்க வேண்டிய இடம் உங்கள் அறிவு முடிகிற அந்த விளிம்புதான் என்று நினைக்கிறேன். கரையில் நடந்ததெல்லாம் நடந்தபடி இருக்கட்டும். வல்லம் கண்ணுக்கு மறைந்த பிறகு வருவதெல்லாம் அரசியின் நாடாக இருக்கட்டும்.

முதல் அத்தியாயத்தை முடித்ததும் அவரிடம் படிக்கக் கொடுக்காதீர்கள், படித்துக் காட்டுங்கள். கடலோடிகள் பலரும் காதால் திருத்துபவர்கள். படிப்பதற்கு முன்னால் அவரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். எந்த மாதம், எந்தக் காற்று, நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுத்தது என்பது உங்கள் நீண்ட கேள்வியில் எங்கேயும் இல்லை.